எந்த ராக் குழு பெரியது? ஐந்து இசைத்தட்டுகளை வைத்து ஒரு தீர்ப்பு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பழைய ராக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்களில் நாலு பேர் கூடினால் லெட் செப்பலினா பிங்க் ஃப்ளாயிடா என்ற பேச்சு வராமல் இருக்காது. அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் போய் நிற்கும்: யாருடைய தட்டு அதிகம் விற்றது, யார் கிட்டாரை வேகமாக வாசித்தார். இரண்டுமே சரியான அளவுகோல் இல்லை. விற்பனை, கம்பெனியின் விநியோக பலத்தைக் காட்டும். வேகம், ஒருவருடைய விரலைக் காட்டும். ஒரு குழுவின் செல்வாக்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவர்கள் கண்டுபிடித்த வேலை முறைகளில் எது பிறர் கைக்குப் போனது, எது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டைக் கவனமாகக் கேட்டாலே அதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அந்த அளவுகோலை வைத்து ஐந்து ஆல்பங்களை இங்கே எடைபோட்டிருக்கிறேன். கூடவே எந்தப் பதிப்பை வாங்கலாம், டர்பனில் கிடைக்கும் பழைய தட்டுகளில் எந்தப் பாட்டு தேய்ந்திருக்கும், எதைக் கழுவினால் தேறும், எது தேறாது என்பதையும் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில்தான். அதற்கு முன் இந்தக் குழுக்களின் முகத்தை இங்கே திரையில் பார்க்க வழி குறைவு. தட்டும் ரேடியோவும்தான் எல்லாம். அதனால் இங்கே கிடைக்கும் பழைய பிரதிகள் உண்மையிலேயே ஓடி உழைத்தவை. பலவற்றில் அந்த உழைப்பு கீறலாகவே தெரியும்.

முதலில் பீட்டில்ஸின் 'ரிவால்வர்'. 1966 ஏப்ரல் முதல் ஜூன் வரை லண்டனில் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் பதிவானது, ஆகஸ்டில் வெளிவந்தது. அதே ஆகஸ்டில்தான், ஏசுவைவிடத் தாங்கள் பிரபலம் என்று ஜான் லெனன் சொன்ன பேச்சுக்காகத் தென்னாப்பிரிக்க அரசு வானொலியான எஸ்ஏபிசி பீட்டில்ஸ் பாட்டுகளை ஒலிபரப்புவதை நிறுத்தியது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஆக அவர்களுடைய மிக முக்கியமான ஆல்பம் இந்த நாட்டு அரசு வானொலியில் அதன் காலத்தில் ஒலிக்கவே இல்லை. தட்டை வாங்கியவர்கள் மட்டுமே கேட்டார்கள்.

இதில் என்ன புதிது? ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது வயது 20. ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரை அடைத்தார். ஸ்டுடியோ விதி அனுமதித்ததைவிட மிக நெருக்கமாக மைக்கைக் கொண்டுபோய் வைத்தார். அந்த ஒலியை, ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ஃபேர்சைல்ட் 660 கம்ப்ரஸரில் இறுக்கினார். அதற்கு முன் ராக் பதிவுகளில் டிரம் பின்னால் எங்கோ கேட்கும். இதில் நெஞ்சுக்கு நேரே அடிக்கும். இன்று டிரம்முக்கு மைக் வைக்கும் பலரும் முதலில் செய்வது இதைத்தான். அது மட்டும் இல்லை. குரலை இரட்டிக்க ஒரே பாட்டை இரண்டு முறை பாடும் வேலையை மிச்சப்படுத்த கென் டவுன்சென்ட் டேப்பை வைத்தே ஒரு முறை கண்டுபிடித்தார். கடைசிப் பாட்டில் ஐந்து டேப் சுழல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மிக்ஸர் பலகையிலேயே கூட்டிக் குறைத்தார்கள். லெனனின் குரல் ஹாமண்ட் ஆர்கனுக்கான சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியே போகிறது. பாட்டு முழுதும் கீழே தம்புரா சுருதி நிற்கிறது. மேலே இசை எங்கு போனாலும் சட்ஜம் நகர்வதில்லை. கர்நாடகக் கச்சேரி கேட்ட காதுக்கு அது பழகிய தரை. இதே ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'லவ் யூ டு' பாட்டில் தபலா வாசிப்பவர் அனில் பாக்வத். அவர் பெயர் உறையிலேயே இருக்கிறது.

வாங்குபவர் முதலில் லேபிளில் பாட்டுகளை எண்ண வேண்டும். 14 இருக்க வேண்டும். அமெரிக்காவில் கேப்பிட்டல் வெளியிட்ட பழைய பிரதியில் 11தான். லெனன் பாடிய மூன்று பாட்டுகள் அதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தட்டாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். தென்னாப்பிரிக்க அச்சில் பிரிட்டிஷ் எண்ணோடு ஒரு 'ஜே' சேர்ந்திருக்கும்: மோனோவுக்கு பி.எம்.சி.ஜே., ஸ்டீரியோவுக்கு பி.சி.எஸ்.ஜே. இந்த ஆல்பத்துக்கு மோனோ கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 1966 ஸ்டீரியோவில் பல பாட்டுகளில் டிரம்மும் பேஸும் ஒரு காதில், குரல் இன்னொரு காதில் என்று பிரிந்து கிடக்கும். ஹெட்போனில் கேட்டால் தலை ஒரு பக்கம் சாய்வது போல இருக்கும். 2022இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புதிய மிக்ஸ் இந்தக் குறையைத் தீர்க்கிறது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருளால், ஒரே டேப் தடத்தில் ஒட்டிக் கிடந்த கருவிகளைப் பிரித்தெடுத்து மறுபடி இடம் வைத்திருக்கிறார்கள். அதன் ஐந்து சிடி பெட்டியில் மோனோவும் உண்டு. வீட்டில் ஹெட்போனில் மட்டும் கேட்பவருக்கு 2022 மிக்ஸ். பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு மோனோ. பழைய ஸ்டீரியோ தட்டு மலிவாகக் கிடைத்தாலும் மூன்றாவது தேர்வுதான்.

இந்தக் குழுவின் தாக்கத்துக்கு ஆதாரம் தேடி லிவர்பூலுக்குப் போக வேண்டியதில்லை. சோவெட்டோவில் பள்ளி மாணவர்களாகத் தொடங்கிய தி பீட்டர்ஸ் குழு, பெயரிலேயே பீட்டில்ஸை நினைவூட்டுகிறது. அவர்களே பின்னாளில் ஹராரி என்று பெயர் மாற்றிக்கொண்டு, சிப்போ மபூஸேயின் கைவண்ணத்தில் தங்களுக்கென்று ஒரு ஆப்பிரிக்க ராக்கை உண்டாக்கினார்கள். கடன் வாங்கியதைத் தன்னுடையதாக மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் இசைதான் பெரிய இசை என்பது என் எண்ணம்.

அடுத்து லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம், 1971 நவம்பர். உறையில் பெயர் கிடையாது. எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது முதல் பக்கத்தின் கடைசியில் வரும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' என்ற எட்டு நிமிடப் பாட்டை. செல்வாக்கு என்று பார்த்தால் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் முக்கியம். 'வென் தி லெவீ பிரேக்ஸ்', மூலம் 1929இல் மெம்ஃபிஸ் மினியும் கான்ஸாஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்தது. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் படிக்கட்டுக் கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்மை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியின் மேலிருந்து இரண்டே இரண்டு பேயர் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டார். டிரம்முக்கு அருகில் ஒரு மைக்கும் இல்லை. பின்ஸன் எக்கோ கருவி வழியே அனுப்பி, கம்ப்ரஸரில் இறுக்கி, பாட்டின் டேப்பைச் சற்று மெதுவாக்கினார்கள். கோயில் மண்டபத்தில் தவில் அடிக்கும்போது முதலில் தோல், பிறகு கல் என்று இரண்டு முறை கேட்குமே, அதே கணக்கு. எமெரிக் மைக்கை நெருக்கிச் சாதித்ததை இவர்கள் விலக்கிச் சாதித்தார்கள். பின்னாளில் ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் இந்த டிரம்மை வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள். 1986இல் பீஸ்டி பாய்ஸ் தொடங்கி அதற்கு நீண்ட வரிசை உண்டு.

தாளக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு காத்திருக்கிறது. 'ஃபோர் ஸ்டிக்ஸ்' ஐந்துக்கும் ஆறுக்கும் மாறி மாறிப் போகும். கண்ட நடையில் கை போட்டுப் பழகியவர் முதல் சுற்றிலேயே பிடித்துவிடுவார். பான்ஹம் ஒவ்வொரு கையிலும் இரண்டு குச்சிகள் பிடித்து வாசித்ததால் வந்த பெயர் அது. 1972இல் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்டும் இந்தப் பாட்டைப் பம்பாயில் உள்ளூர்க் கலைஞர்களோடு பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு 2015 மறுவெளியீட்டில்தான் அதிகாரபூர்வமாக வெளியானது.

செப்பலினின் தகுதியைப் பேசும்போது அவர்களுடைய கடனையும் பேசியே ஆக வேண்டும். பழைய புளூஸ் கலைஞர்களின் பாட்டுகளைத் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டார்கள். வில்லி டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்ட பிறகுதான் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் அவருக்குப் பங்கு கிடைத்தது. எட்டு நிமிடப் பாட்டின் மீது வந்த வழக்கில் அவர்கள் ஜெயித்தார்கள். 2016இல் ஜூரியும் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது. எடுத்தது தவறு. எடுத்ததை வைத்துச் செய்தது பெரிய வேலை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுப்பவரோடும், இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறைப்பவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

பதிப்பு விஷயம்: ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் 2014இல் வந்த மறுவெளியீடு நல்லது. புதுத் தட்டு வேண்டுபவர் அதையே எடுக்கலாம். சேகரிப்பாளர்கள் தேடுவது இரண்டாம் ஆல்பத்தின் 1969 அமெரிக்க முதல் அச்சை. ராபர்ட் லட்விக் வெட்டிய அந்தத் தட்டில் பேஸ் பலமாக இருந்ததால் மலிவான பிளேயரில் ஊசி துள்ளியது. கம்பெனி அதைத் திரும்பப் பெற்று மெலிதாக மறுபடி வெட்டியது. லேபிளுக்குப் பக்கத்துக் காலி வளையத்தில் 'ஆர்.எல்.' என்று கீறியிருந்தால் அது முதல் வெட்டு. பெரிய விலைக்குப் போகும். நல்ல ஊசியும் கையும் இல்லாதவருக்கு அந்தப் பணம் வீண்.

பழைய தட்டுகளைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கும் பொருந்தும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டில், வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது. தேய்மானமும் பிசிறும் முதலில் காட்டுவது அங்கேதான். இந்த ஆல்பங்களின் உயிரான பாட்டுகள் பல, பக்கத்தின் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கின்றன: 'ரிவால்வர்' இறுதிப் பாட்டு, செப்பலினின் எட்டு நிமிடப் பாட்டு, 'வென் தி லெவீ பிரேக்ஸ்' எல்லாம். அதனால் கடையில் கேட்டுப் பார்க்க விட்டால் முதல் பாட்டைக் கேட்டுத் திருப்திப்பட வேண்டாம். நேராகக் கடைசிப் பாட்டில் ஊசியை வையுங்கள். குரல் உயரும் இடத்தில் கரகரப்பு வந்தால் பள்ளம் தேய்ந்துவிட்டது. எந்தக் கழுவலும் அதைத் திருப்பித் தராது. கீறலை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் ஒவ்வொரு 1.8 நொடிக்கும் ஒரு 'டிக்' கேட்கும். நகத்துக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கேட்காது.

டர்பனின் கடற்கரை ஈரத்தில் உறைகளில் பூஞ்சை பிடிப்பது சகஜம். பூஞ்சை பிடித்த தட்டு இடைவிடாமல் பொரிவது போலச் சத்தம் போடும். ஆனால் அது தேறக்கூடிய நோய். மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டருக்கு ஒரு பங்கு ஐசோபிரபைல் ஆல்கஹால், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மிருதுவான துணியால் பள்ளத்தின் வட்டத்திலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் மறுபடி அலசி, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு பள்ளத்தில் தங்கும். லேபிளை நனைக்காதீர்கள். பழைய 78 சுற்றுத் தட்டுகளை, தாத்தா காலத்துத் தமிழ்ப் பாட்டுத் தட்டுகள் உட்பட, இந்தக் கலவையில் கழுவவே கூடாது. அவை ஷெல்லாக், ஆல்கஹால் கரைத்துவிடும். கழுவிய தட்டைப் பூஞ்சை பிடித்த பழைய உள்ளுறையிலேயே திருப்பிப் போட்டால் ஒரு மழைக்காலத்தில் பழைய கதைதான். புது உள்ளுறை போடுங்கள்.

மூன்றாவது பிளாக் சப்பாத். இந்தப் பட்டியலில் அதிகம் குறைத்து மதிப்பிடப்படும் குழு இதுதான். டோனி ஐயோமி பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் 17 வயதில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். அவர் இடதுகைக்காரர், அதாவது தந்தியை அழுத்தும் விரல்கள் போய்விட்டன. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். அழுத்தம் குறைய மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பெரும்பாலான கனமான பாட்டுகளில் தந்திகளை மூன்று அரைச் சுரம் தளர்த்தினார். தந்தி தளர்ந்தால் விரலுக்குச் சுகம், ஒலிக்குப் பாரம். பேஸ் கிட்டாரும் கூடவே இறங்கியது. இன்றைக்கு ஹெவி மெட்டல் என்று சொல்லப்படும் பலவற்றில் இந்தத் தளர்த்தல் இருக்கிறது. ஒரு தனி மனிதரின் காயத்திலிருந்து வந்த தீர்வு ஒரு இசை வகையின் இலக்கணமாகிவிட்டது. இதற்கு இணையான செல்வாக்கு மற்ற நால்வரில் பீட்டில்ஸுக்கு மட்டும்தான் உண்டு.

1970இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு மூன்றே சுரங்கள்: சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமம். ஐரோப்பாவில் அந்த இடைவெளிக்குப் பிசாசின் பெயரை வைத்தார்கள். நமக்கோ 72 மேளகர்த்தாக்களில் 36 பிரதி மத்திமத்தில்தான் இருக்கின்றன. கல்யாணியைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. அப்படியானால் அந்தப் பாட்டு ஏன் மயிரைச் சிலிர்க்க வைக்கிறது? கல்யாணியில் மத்திமம் பஞ்சமத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஐயோமி அதைப் பஞ்சமத்துக்குப் போகவிடுவதில்லை. அங்கேயே நிறுத்தி அசைக்கிறார், மறுபடி கீழ்ச் சட்ஜத்துக்குத் தள்ளுகிறார். பயம் சுரத்தில் இல்லை, தடுக்கப்பட்ட நகர்வில் இருக்கிறது. வயலினோ வீணையோ தெரிந்த பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

தெற்கு ஆப்பிரிக்காவில் இந்த இசையின் வேர் ஆழம். எழுபதுகளில் ஸாம்பியாவில் விட்ச், அமனாஸ் போன்ற குழுக்கள் இங்கிலாந்தின் கனத்த ராக்கையும் ஹெண்ட்ரிக்ஸையும் எடுத்து ஸாம்ராக் என்று ஒன்றைச் செய்தார்கள். இன்று போட்ஸ்வானாவில் தோலாடையும் கவ்பாய் தொப்பியும் போட்ட மெட்டல் ரசிகர் கூட்டமே இருக்கிறது. 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சப்பாத்தைச் சேர்த்துவைத்துப் பேசியவர்கள் மெட்டாலிக்காவினர். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் கடைசிக் கச்சேரி நடந்தது. அதே மாதம் 22ஆம் தேதி குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமானார். பிறகு பழைய தட்டுகளுக்கு விலை ஏற்றிச் சொல்லும் விற்பவர்கள் உண்டு. பதற வேண்டாம், புதிய மறுபதிப்பே போதும். 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' 35 நிமிடத்துக்கும் குறைவு. பள்ளங்களுக்கு நல்ல இடைவெளி கிடைப்பதால் பழைய அச்சும் பெரும்பாலும் தாங்கியிருக்கும். பேஸும் டிரம்மும் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு 'பாரனாய்ட்' ஆல்பத்தின் 2009 மூன்று வட்டுப் பதிப்பு. அதில் குரல் இல்லாத வடிவங்கள் உண்டு. கீஸர் பட்லரின் பேஸைத் தனியாகப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பிங்க் ஃப்ளாயிடின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973 மார்ச். ஒரு பொருளாக, செய்நேர்த்தியாக, ஐந்தில் இதுதான் முதலிடம். ஆலன் பார்சன்ஸின் ஒலிப்பதிவில் ஒரு இடம்கூட அடைசல் கிடையாது. 'மணி' பாட்டின் தொடக்கத்தில் வரும் காசு, கல்லாப்பெட்டி, கிழியும் காகிதம் எல்லாம் டேப்பை அளந்து வெட்டி ஒட்டிய சுழல். ஏழு ஒலிகள், ஏழு எண்ணிக்கை. பாட்டும் ஏழில்தான் போகிறது. மிஸ்ர சாபு பழகியவர் மூன்று, நான்கு என்று பிரித்துத் தட்டினால் பேஸோடு இடிக்கும். ஏழையும் சமமாக எண்ணுங்கள். சாக்ஸபோன் ஏழிலேயே வாசிக்கிறது. கிட்டார் தனி வாசிப்பு தொடங்கியதும் நான்குக்கு மாறிவிடும். முடிந்ததும் மறுபடி ஏழு. அந்த இரண்டு மாற்றங்களிலும் கை தவறாமல் போட்டால் பாட்டு உங்கள் வசம்.

ஆனால் செல்வாக்கு? பலர் கோபிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: ஃப்ளாயிடைப் பின்பற்றியவர்கள் அதன் நிதானத்தை எடுத்துக்கொண்டார்கள், அதன் கட்டுப்பாட்டை விட்டுவிட்டார்கள். இவர்கள் வழியில் வந்த குழுக்களில் நீளம் மிஞ்சியது, வடிவம் மிஞ்சவில்லை. இந்த நாட்டில் அவர்களுக்கு வேறு வகையான செல்வாக்கு உண்டு. 1980 பள்ளிப் புறக்கணிப்பில் மாணவர்கள் 'தி வால்' ஆல்பத்தின் பள்ளிப் பாட்டைத் தங்கள் முழக்கமாக எடுத்தார்கள். மே மாதம் அரசு அதைத் தடை செய்தது. ஒரு ராக் பாட்டுக்கு அரசு அப்படிப் பயந்தது என்றால் அது இசையறிஞர்களின் எந்தப் பாராட்டையும்விடப் பெரிது. ஆனாலும் அது மாணவர்கள் பாட்டுக்குத் தந்த பெருமை. குழுவின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது.

பழைய பிரதியில் முதலில் உறைக்குள் பாருங்கள்: முதல் வெளியீட்டில் இரண்டு சுவரொட்டிகளும் இரண்டு ஸ்டிக்கர்களும் இருந்தன. பெரும்பாலும் யாருடைய அறைச் சுவருக்கோ போயிருக்கும். அவை இல்லாவிட்டால் விலை குறைய வேண்டும். இந்தத் தட்டு அமைதியான இதயத்துடிப்பில் தொடங்குவதால், மற்ற ஆல்பங்களில் மறையும் சிறு பொரியல்கூட இதில் அப்பட்டமாகக் கேட்கும். முதல் பக்கத்தின் கடைசியில் கிளேர் டோரியின் உச்சக் குரல். தேய்ந்த தட்டில் அதைக் கேட்பது சித்திரவதை. உண்மையில் ஐந்தில் இது ஒன்றை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம் என்பேன். 2003இல் ஜேம்ஸ் கத்ரி செய்த எஸ்ஏசிடி (சாதாரண சிடியைவிட நுட்பமான வட்டு) கிடைத்தால் பொக்கிஷம், சுற்றிலும் ஒலிக்கும் 5.1 மிக்ஸும் உண்டு. புதுத் தட்டுக்கு 2016 அச்சு. ஃபோனில் கேட்பவர்கள் செயலியில் இடைவெளியில்லா ஒலிப்பை இயக்கிவிடுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒரு நொடி மௌனம் விழுந்தால் இந்த ஆல்பம் செத்துவிடும்.

டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' பற்றி நீட்டிப் பேச அவசியமில்லை. 1971 டிசம்பர் 4 அன்று ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோவில் சூதாட்ட அரங்கம் எரிந்ததால், காலியாக இருந்த ஒரு ஹோட்டலின் நடைவழியில் பதிவானது. எல்லோரும் கிட்டாரைப் பேசுவார்கள். ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி கிட்டாருக்குச் சமமாக உறும வைத்த ஜான் லார்டின் யோசனைதான் இதில் நிலைத்தது. உலகத்தில் கிட்டார் தொடங்கும் எல்லோரும் வாசிக்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு இசைத்துண்டை, பெரும்பாலோர் தப்பாகவே வாசிக்கிறார்கள். பிக்கால் கீறுவதும், கீழிருந்து பஞ்சமம் சேர்த்துப் பவர் கார்டாக அடிப்பதும் தவறு. இரண்டு தந்திகளை இரண்டு விரலால் ஒரே நேரத்தில் கிள்ளி எடுக்க வேண்டும். எளிய நிலையில் நான்காம், மூன்றாம் தந்திகள் சேர்ந்து: திறந்தது, 3, 5, திறந்தது, 3, 6, 5, திறந்தது, 3, 5, 3, திறந்தது. பிக்கால் அடித்தால் கீழ்ச் சுரம் ஒரு கணம் முந்தும், கனம் போய்விடும். வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள்: 1997 பதிப்பில் ரோஜர் க்ளோவரின் புதிய மிக்ஸும் சேர்ந்து வரும், 2024 பதிப்பில் ட்வீஸில் ஸாப்பாவின் மிக்ஸ். மூலத்தைக் கேட்காதவர் இவற்றிலிருந்து தொடங்க வேண்டாம்.

பிளேயர் விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. பெட்டி போல மடிக்கும் மலிவான பிளேயர்களில் ஊசி அழுத்தம் 5 கிராம் அளவுக்குப் போகும். நல்ல தட்டு அதில் சீக்கிரம் பாழாகும். ஆடியோ டெக்னிகா விஎம்95இ போன்ற எளிய கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய மாடல்களில் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்ததாக இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 230 வோல்ட் இறங்குமே தவிர நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மாறாது. தட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், எல்லாப் பாட்டும் மூன்று அரைச் சுரம் கீழே கேட்கும். நேர்மின் மோட்டார் உள்ள மாடலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த விவாதத்தில் குயீனை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இசையாக அவர்கள் முன்வரிசைதான். ஆனால் 1984 அக்டோபரில், நிறவெறி அரசுக்கு எதிரான கலாசாரப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது, இங்கே சன் சிட்டி கேளிக்கை விடுதியில் வந்து பாடினார்கள். பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. வேறு நாட்டில் எழுதும் விமர்சகர் அதை ஒரு அடிக்குறிப்பாக ஒதுக்கலாம். இங்கே எழுதுபவர் அப்படி ஒதுக்க முடியாது.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால், ஆறாவதாக டர்பனில் உருவான ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் குழுவின் 'அஸ்ட்ரா', 1970. இந்த ஊரில் தொடங்கிய குழு. ராம்ஸே மெக்கேயின் பேஸ், ஜூலியன் லாக்ஸ்டனின் கிட்டார், பிரையன் டேவிட்சனின் குரல். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வந்த எதற்கும் கூச்சப்படாமல் பக்கத்தில் வைக்கலாம். மூலத் தட்டு அபூர்வம், விலையும் எட்டாது. அதனால் மறுபதிப்பே நடைமுறைக்கு ஏற்றது. பழைய தட்டு என்று யாராவது காட்டினால், தட்டையும் உறையையும் தனித்தனியே பாருங்கள். பழைய உறைக்குள் வேறு தட்டு இருப்பது உண்டு. லேபிள் எண்ணும் உறை முதுகிலுள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பணத்தை எடுக்க வேண்டாம்.